கிரேக்க, ரோமானிய நாடகங்கள்: படித்தும் நடித்தும் பார்க்க விரும்புவோருக்கு - கேள்வி பதில்

எங்கள் வாசிப்புக் குழு மாதம் ஒரு ஞாயிறு கூடி, பழைய கிரேக்க, ரோமானிய நாடகங்களை உரக்கப் படிக்கும். முடிந்தால் எழுந்து நடித்தும் பார்க்கும். அதைக் கேள்விப்பட்டு நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸின் ‘ஆகமெம்னான்’ பாடத்தில் இருக்கிறது. இரண்டு முறை படித்தும் மனதில் ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?

மூன்றாவது முறையும் தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ட்ராய் நகரை வென்ற ஆகமெம்னான் தேரில் வீடு திரும்பும் காட்சியை நடித்துப் பாருங்கள். அவனோடு சிறைப்பிடித்து வந்த, வருவதை முன்கூட்டியே காணும் ட்ராய் இளவரசி கசாண்ட்ராவும் இருக்கிறாள். அவனைக் கொல்லக் காத்திருக்கும் மனைவி கிளைடெம்னெஸ்ட்ரா செந்நிறத் துணிகளை வாசல்வரை விரிக்கச் சொல்கிறாள். அவன் தயங்குகிறான், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவற்றை மிதித்து உள்ளே போகிறான்.

எங்களுக்கு நாற்காலிதான் தேர், இரண்டு பழைய அரக்குப் புடவைதான் துணி. கசாண்ட்ராவாக ஒரு பெண் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். படித்தபோது அவள் அங்கே இருப்பதையே மறந்துவிட்டிருந்தோம். அவளுக்குத்தான் வசனமே இல்லையே! நடித்தபோது அவளைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. ஏறக்குறைய 290 வரிகள் அவள் வாய் திறப்பதில்லை. கிளைடெம்னெஸ்ட்ரா மறுபடி வெளியே வந்து இறங்கச் சொல்கிறாள்; அசைவில்லை. கணவனைத் துணிமேல் நடக்க வைத்தவள் இந்த அடிமைப் பெண்ணிடம் தோற்று, எரிச்சலோடு திரும்பிப் போகிறாள். அப்புறம்தான், 1072ஆம் வரியில், ‘ஒதொதொதொதொய் பொபொய் தா! ஓபொல்லொன், ஓபொல்லொன்!’ என்று அலறல் வெடிக்கிறது. முதல் பாதி வெறும் ஓலம். பிற்பாதி அப்பல்லோவைக் கூப்பிடுவது. அந்தத் தெய்வத்தின் பெயருக்குள் ‘அழிப்பவன்’ என்ற கிரேக்கச் சொல்லும் ஒலிக்கிறது. சில வரிகள் தள்ளி அவளே அதைச் சொல்கிறாள்.

கி.மு. 458இல் இதைப் பார்த்த ஏதென்ஸ்காரர்கள் இன்னும் அதிர்ந்திருப்பார்கள். பேசும் நடிகர்கள் மூவருக்கு மேல் கிடையாது. அந்த மூன்றாமவரே அப்போது புது வழக்கம். இவ்வளவு நேரம் பேசாதவளை வசனமில்லாத துணைப் பாத்திரம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆகவே பென்சிலை எடுத்து, ‘இப்போது மேடையில் யார் யார்’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே படியுங்கள். மூலப் பிரதிகளில் மேடைக் குறிப்புகள் அநேகமாக இல்லை. மொழிபெயர்ப்பில் நீங்கள் பார்ப்பவை பிற்கால அறிஞர்கள் வசனத்திலிருந்து ஊகித்துச் சேர்த்தவை. அந்த ஊகத்தைச் செய்ய உங்களுக்கும் உரிமை உண்டு.

முதலில் எந்த நாடகம்?

சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’. மொத்தம் 1,353 வரிகள். இரண்டு மணி நேரத்தில் உரக்கப் படித்துவிடலாம். அதில் தடையை மீறி யாரோ பிணத்தைப் புதைத்த செய்தியைச் சொல்லப் பயந்து பயந்து வரும் காவலன் வேடத்தைக் கூச்ச சுபாவம் உள்ளவரிடம் கொடுங்கள். எங்களிடம் ஒவ்வொரு முறையும் அது பலித்திருக்கிறது.

கிரேக்க மொழி தெரியாமல் இதெல்லாம் சாத்தியமா?

தாராளமாக. ஆனாலும் 24 எழுத்துகளை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்நூலகத்தில் மூலமும் மொழிபெயர்ப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. கிரேக்க யாப்பு அசையின் நீளத்தை வைத்து நடப்பது. குறில், நெடில், ஒற்று என்று பள்ளியிலேயே படித்த நமக்கு, கணக்கிடும் முறை வேறாக இருந்தாலும், அந்த ஓசை சீக்கிரம் பிடிபடும். மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் ஒரே காட்சிக்கு இரண்டு மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் எங்கே முரண்படுகின்றனவோ, அங்கே மூலத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

கோரஸ் பகுதிகள் சலிப்பாக இருக்கின்றன. வெட்டிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். சோக நாடகத்தில் கோரஸ் முதலில் 12 பேர், பிறகு 15 பேர். நகைச்சுவை நாடகத்தில் 24 பேர். ஔலோஸ் என்ற இரட்டைக் குழல் ஊத, இவர்கள் பாடி ஆடினார்கள். ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்பதே அவர்கள் ஆடிய இடத்தின் பெயர்தான். பாட்டைப் பேச்சு மாதிரி படித்தால் சலிக்கத்தான் செய்யும்.

ஒரு வழி சொல்கிறேன். பாட்டுகள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக வரும். முதல் பத்தியின் யாப்பே இரண்டாம் பத்திக்கும். எனவே மூலத்துக்கு மெட்டுப் போட்டால், ஒன்றுக்குப் போட்டது மற்றதில் அப்படியே உட்காரும். மொழிபெயர்ப்பில் அது கிடைக்காது. இரண்டு பத்திகளையும் ஒரே தாளத்தில் தட்டிச் சொல்லிப் பாருங்கள். பழைய இசை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. யூரிப்பிடீஸின் ‘ஓரெஸ்டீஸ்’ நாடகத்தின் சில வரிகள் இசைக்குறிகளோடு ஒரு பாப்பிரஸ் (பழங்கால நாணல் தாள்) துண்டில் தப்பி, வியன்னாவில் இருக்கின்றன. ஆக, மெட்டு உங்கள் பொறுப்பு.

முகமூடி அவசியமா?

ஒரு முறையாவது போட்டுப் பாருங்கள், அட்டையில் செய்தது போதும். முகபாவம் இல்லாதபோது கழுத்தும் தோளும்தான் பேசியாக வேண்டும். மூன்றே நடிகர்கள் எல்லா வேடங்களையும் பங்கிட்டதும் இதனால்தான் முடிந்தது. யூரிப்பிடீஸின் ‘பாக்கே’யில் அரசன் பென்தியூஸை அவன் தாய் அகாவே வெறியில், சிங்கம் என்று நினைத்துக் கிழித்துக் கொல்கிறாள், தலையை ஏந்திக்கொண்டு மேடைக்கு வருகிறாள். இரண்டு வேடங்களையும் ஒரே நடிகர் செய்திருப்பார் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அப்படியானால், சற்று முன் தான் அணிந்திருந்த முகமூடியையே அவர் கையில் ஏந்தி வந்திருக்கலாம். எங்கள் ஒத்திகையில் அதைச் செய்தவர் பாதியில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார்.

ரோமானியர்கள் கிரேக்கர்களைக் காப்பியடித்தவர்கள்தானே? எதற்குப் படிக்க வேண்டும்?

ரோமானிய நகைச்சுவை நாடகாசிரியர் பிளாட்டஸுக்கு இதைவிட அநியாயம் கிடையாது. கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் மெனாண்டரின் ஒரு நாடகத்தைத்தான் அவர் ‘பாக்கிடீஸ்’ ஆக்கினார். அந்த மூலத்தின் பாப்பிரஸ் துண்டு 1968இல் வெளியானதும், இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட வழி பிறந்தது. பார்த்தால், அவர் காட்சிகளை வெட்டியிருக்கிறார், பேச்சைக் குழலிசையோடு வரும் பகுதியாக மாற்றியிருக்கிறார், பெயர்களையும் மாற்றியிருக்கிறார். மூலத்தில் தந்திரக்கார அடிமையின் பெயர் சைரஸ். பிளாட்டஸின் அடிமை கிரிசாலஸ் மேடையில் நின்று, ‘இரண்டு மூன்று மினா காசு திருடுகிற சைரஸ்களெல்லாம் எனக்குப் பிடிக்காது’ என்கிறான்! தான் எடுத்தாண்ட நாடகத்தையே கிண்டல் செய்யும் இந்தத் துணிச்சலைக் காப்பி என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு ரோமானிய நகைச்சுவை நாடகாசிரியர் டெரன்ஸின் ‘ஹெகீரா’வையும் படியுங்கள். முதல் முறை கயிற்றில் நடப்பவரைப் பற்றிய பேச்சாலும், இரண்டாம் முறை கிளாடியேட்டர் சண்டை என்ற செய்தியாலும் ஆட்டம் நின்றுபோனது. மூன்றாம் முறைதான் முழுவதும் நடந்தது. அந்தக் கதையை முன்னுரையே சொல்கிறது. ரோமானியச் சோக நாடகாசிரியர் செனெக்காவை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

கோடையில் கிரேக்கத்தின் எபிடாரஸ், சிசிலியின் சிரக்கூஸ். இரண்டும் பழைய கல் அரங்குகள். கிரேக்க மொழியிலேயே கேட்க வேண்டுமானால், 1882இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கிரேக்க நாடகம்.

கதையில் இந்தியா இடம்பெறும் கிரேக்க நாடகம் ஏதாவது உண்டா?

உண்டு. எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த ஒரு கேலி நாடகம். சாரிஷன் என்ற கிரேக்கப் பெண் இந்தியக் கடற்கரையில் சிக்கியிருக்கிறாள். அவள் அண்ணனும் கூட்டாளிகளும் உள்ளூர் அரசனுக்கு மதுவை ஊற்றிக் கொடுத்து அவளை மீட்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் பேசுவதில் பெரும்பகுதி கிரேக்கம் அல்ல. அது கன்னடம் என்றும் துளு என்றும் அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள்; வழக்கு இன்னும் தீரவில்லை. கதைப்போக்கு யூரிப்பிடீஸின் ‘டாரிஸில் இஃபிஜினியா’வை ஒட்டியது. முதலில் அதைப் படித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

பெண்கள் கல்லூரியில் யூரிப்பிடீஸின் ‘மெடீயா’ போடுகிறோம். ஆண் வேடங்களையும் மாணவிகளே செய்யலாமா?

செய்யுங்கள். ஏதென்ஸில் பெண் வேடங்களையும் ஆண்களே செய்தார்கள். ஒரு முறை பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை கேடயம் ஏந்திப் போர்க்களத்தில் நிற்பேன் என்று மெடீயா சொல்லும் இடத்தை, கி.மு. 431இல் முகமூடி போட்ட ஓர் ஆண்தான் பேசினார். அந்த ஆண்டுப் போட்டியில் யூரிப்பிடீஸுக்குக் கடைசி இடம். உங்கள் மாணவி அதே வரியைச் சொல்லும்போது அவசரப்பட வேண்டாம், அவையைப் பார்த்துச் சொல்லட்டும். மெடீயா கொல்லும் அவள் குழந்தைகளின் அலறலுக்கு ஒலிப்பதிவு வேண்டாம். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் கத்தட்டும். இந்தப் பக்கம் கோரஸ், உள்ளே போகலாமா என்று கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்கட்டும்.