நர்சிங் மாணவர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

பெங்களூரில் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கப் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், தொழில்நுட்பப் பாடத்தை எப்படித் தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்தில் இதற்கென்றே இரண்டாம் செமஸ்டரில் ஒரு தாள் இருக்கிறது. தயவுசெய்து அதை வேர்டு, எக்ஸெல் வகுப்பாக முடித்துவிடாதீர்கள். சிரிஞ்ச் பம்பில் (சிரிஞ்சில் உள்ள மருந்தைக் குறித்த வேகத்தில் மெதுவாகச் செலுத்தும் கருவி) தொடங்குங்கள், அதுவும் மருந்துக் கணக்கு நடத்தும் அதே வாரத்தில்.

60 கிலோ நோயாளி, ரத்த அழுத்தத்தை உயர்த்தும் டோபமின் மருந்து கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். அப்படியானால் மணிக்கு 18 மி.கி. 200 மி.கி. மருந்தை 50 மி.லி.யாகக் கலந்தால் மி.லி.க்கு 4 மி.கி.; வேகம் மணிக்கு 4.5 மி.லி. நோட்டில் கணக்குப் போட்ட மாணவரே அந்த எண்ணைப் பம்பில் அழுத்தட்டும், பக்கத்தில் நிற்பவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கட்டும். புள்ளி விட்டுப்போனால் 45. பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

அடுத்தது சிரிஞ்ச் கம்பெனி. பம்ப் திரவத்தை அளப்பதில்லை, பிஸ்டனை எவ்வளவு தூரம் தள்ளியது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். 50 மி.லி. சிரிஞ்சிலும் கம்பெனிக்குக் கம்பெனி உள்விட்டம் மாறும். திரையில் வேறு கம்பெனியைத் தேர்ந்தெடுத்திருந்தால் அளவு தப்பும், அலாரமும் அடிக்காது. லேபில் தண்ணீரை ஊற்றி மணிக்கு 20 மி.லி. வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, வந்ததை அளவுக் குழாயில் பிடியுங்கள். 10 மி.லி. இருக்க வேண்டும். தப்பான கம்பெனியை வைத்து மறுபடி ஓட்டினால் வித்தியாசத்தை அவர்களே பார்த்துவிடுவார்கள்.

லைன், அதாவது மருந்து போகும் குழாய், அடைத்துக்கொள்வதற்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கலாம். த்ரீவேயை (குழாயைத் திறந்து மூடும் மூவழித் திருகு) மூடிவிட்டு அலாரம் அடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். மணிக்கு 1 மி.லி. ஓடும்போது வெகுநேரம் ஆகும். அதுவரை நோயாளிக்கு மருந்தே போகாது. அலாரம் அடித்ததும் பதறிப்போய்த் த்ரீவேயைத் திறப்பதுதான் பெரிய ஆபத்து. குழாயில் சேர்ந்திருந்த அழுத்தம் மருந்தை ஒரேயடியாக உள்ளே தள்ளும். முதலில் பம்பை நிறுத்தி, நோயாளியின் பக்கத்தை மூடியே வைத்து, அழுத்தத்தை வெளியே விட்ட பிறகுதான் திறக்க வேண்டும். இது கைப்பழக்கமாகும் வரை செய்யவையுங்கள்.

கணினிப் பதிவேட்டில் நம் ஊர்ப் பெயர்களுக்கென்றே ஒரு பயிற்சி வேண்டும். கே. முருகன் ஒரு பதிவில் ‘முருகன் கே’, இன்னொன்றில் அப்பா பெயரோடு ‘முருகன் கிருஷ்ணன்’. ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு, பழைய அலர்ஜிக் குறிப்பு கண்ணில் படாது. பெயரை வைத்துத் தேடாமல் மருத்துவமனைப் பதிவு எண், 14 இலக்க ஆபா எண் (அரசு தரும் சுகாதார அடையாள எண்), பிறந்த தேதி இவற்றை வைத்துத் தேடப் பழக்குங்கள்.