கிழிந்த டோர்ட்டியாவும் வெற்றிலைச் சுண்ணாம்பும்

கேள்வி: மெக்சிகன் சமையல், மெக்சிகன் சமையல் என்கிறார்களே, நாச்சோஸும் சீஸும் பாக்கெட் மசாலாவும் தவிர அதில் என்ன இருக்கிறது? ஆசைப்பட்டு மக்காச்சோள மாவு வாங்கி வீட்டிலேயே டோர்ட்டியா ரொட்டி சுட்டேன். கல்லில் போடுவதற்குள் நாலாக விண்டுவிட்டது. "பேசாமல் கடையில் வாங்கிவிடு" என்கிறார் கணவர். அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: பாதி சரி. மெக்சிகோ நகரத்திலேயே நிறையப் பேர் வீட்டில் மாவு பிசைவதில்லை. தெருமுனை டோர்ட்டியாக் கடையில் கிலோ கணக்கில் சுடச்சுட வாங்கி, துணியில் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் உங்கள் கணவர் சொல்லும் கடையில் இருப்பது பெரும்பாலும் மைதா. கோதுமை டோர்ட்டியா வடக்கே சொனோரா பக்கத்து வழக்கம், அங்கே அதற்கு மரியாதையும் உண்டு. தெற்கே இறங்கினால் மக்காச்சோளம்தான் ராஜா.

சரி, விண்ட கதைக்கு வருகிறேன். குற்றம் உங்கள் கையில் இல்லை. சுண்ணாம்பு போடவில்லை, அவ்வளவுதான். ஆமாம், வெற்றிலையில் தடவுகிற அதே சுண்ணாம்புதான்.

மெக்சிகோவில் காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே மாவாக்க மாட்டார்கள். 1 கிலோவுக்குக் காய்ந்த பொடிக் கணக்கில் 10 கிராம் சுண்ணாம்பு, மூழ்க மூழ்கத் தண்ணீர், முக்கால் மணி நேரம் போல மெல்லிய கொதி. தண்ணீர் மஞ்சளாகும். ஒரு மணியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். அதுதான் பதம். இறக்கி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் நன்றாக அலசினால் அது நிக்ஸ்தமால். மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான நாவாத்லில் சாம்பலுக்கும் மாவுக்குமான சொற்கள் சேர்ந்து வந்த பெயர். அதை ஈரத்தோடு அரைத்தால் கிடைப்பது மாசா. சுண்ணாம்பு தோலைக் கரைத்து மாவுக்கு ஒரு பசையைக் கொடுத்துவிடுகிறது, அதனால் வட்டமாக அழுத்தினாலும் விளிம்பு வெடிக்காது. நீங்கள் வாங்கிய மாவில் இது நடக்கவே இல்லை. வெள்ளை 'கார்ன் ஃப்ளோர்' இன்னும் மோசம், அது வெறும் ஸ்டார்ச்சு. சூப் கெட்டியாவதற்கு ஆகும்.

சுண்ணாம்பை லேசாக நினைக்காதீர்கள். மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் சுண்ணாம்பு வித்தையை அது பிறந்த மண்ணிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். வேறு வழியில்லாமல் அதையே தின்ற வட இத்தாலிய, ஸ்பானிய ஏழைகளுக்கு பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தி பேதலிக்கும். அந்தத் தானியத்தில் நியாசின் என்ற வைட்டமின் பூட்டிக் கிடக்கிறது, சுண்ணாம்பு அதைத் திறந்துவிடுகிறது. இது எதுவும் தெரியாமலே ஆயிரக்கணக்கான வருஷம் சரியாகச் செய்திருக்கிறார்கள் மெக்சிகோப் பெண்கள்.

'அதில் என்ன இருக்கிறது' என்ற உங்கள் கேள்விக்கு இதுவே போதும். ஆனாலும் நாச்சோஸைச் சும்மா விட மனமில்லை. 1940-களில் எல்லையோர பியேத்ராஸ் நெக்ராஸ் ஊரில், இக்னாசியோ அனாயா என்பவர் அமெரிக்காவிலிருந்து வந்த சில பெண்களுக்காக, கையில் இருந்ததை வைத்துச் சமாளித்த நொறுக்குத் தீனி அது. 'நாச்சோ' அவருடைய செல்லப் பெயர். நல்ல தீனிதான். அதை வைத்து மெக்சிகோவை எடைபோடுவது, பஜ்ஜியை வைத்து நம் சமையலை எடைபோடுவது மாதிரி. 2010-ல் யுனெஸ்கோ மெக்சிகோவின் சமையலைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது பேசியது மக்காச்சோளம், பீன்ஸ், மிளகாய், நிக்ஸ்தமால், அரைக்கும் கல் பற்றி.

அந்த மெக்சிகோவும் ஒன்றல்ல. தென்கிழக்கே யூகத்தானில் பன்றி இறைச்சியில் அச்சியோத்தே என்ற சிவப்பு விதை விழுதையும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றையும் பூசி, வாழையிலையில் பொதிந்து குழியில் புதைத்து வேகவைப்பார்கள். தெற்கே வஹாக்கா மாநிலத்தில் தமால், அதாவது மாசாவைப் பொதிந்து அவிக்கிற பண்டம், வாழையிலையில் வேகும், வேறு பல ஊர்களில் மக்காச்சோளத் தோகையில். (தமால் என்ற பெயரைப் பார்த்துத் தமிழோடு முடிச்சுப் போட்டு யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். ஒலி ஒற்றுமை, அவ்வளவே.)

வஹாக்காவுக்கு இன்னொரு பெருமை, 'ஏழு மோலே' நாடு என்பது. மோலே என்றதும் 'சாக்லேட் குழம்பா?' என்று முகம் சுளிப்பவர்கள் செய்து பார்த்ததில்லை. கறுப்பு மோலேயில் சாக்லேட் கடைசியில் ஒரு துண்டு, கசப்பைச் சமன் செய்ய. குழம்பைத் தாங்குவது காய்ந்த மிளகாய், அதுவும் நாலைந்து ஜாதி. விதை நீக்கி, கல்லில் வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து, எள், வாட்டிய தக்காளி, பட்டை, கிராம்போடு அரைத்து, பன்றிக் கொழுப்பில் எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். நமக்குக் கை பழகிய வேலைதான். நம் மிளகாயின் பூர்வீகமே அந்தப் பக்கம்தானே! அதற்காகச் சோம்பும் கறிவேப்பிலையும் சேர்த்துவிடாதீர்கள். குவாஹியோ மிளகாய் கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய் போடுங்கள், நிறம் வரும், காரமும் அடங்கியிருக்கும். ஆஞ்சோ மிளகாயின் உலர்திராட்சை வாசம் மட்டும் வராது. அதற்கு என்னிடம் மாற்று இல்லை.

முதலில் டோர்ட்டியாவை முடியுங்கள். ஸ்வீட் கார்ன் வேண்டாம், காய்ந்த முற்றின மக்காச்சோளம். வாசனையோ நிறமோ சேர்க்காத, சாப்பிடத் தகுந்த சுண்ணாம்பு. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும், எவர்சில்வர் எடுங்கள். கிரைண்டரில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரையுங்கள், தாராளமாக ஊற்றினால் தோசைமாவு ஆகிவிடும். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே உருண்டையை வைத்துத் தட்டால் அழுத்தி, நன்றாகக் காய்ந்த கல்லில் போடுங்கள். விளிம்பு தூக்கியதும் ஒரு திருப்பு, ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு திருப்பு. உப்பி எழுந்தால் ஜெயித்தீர்கள்.

அப்போதும் இரண்டு மூன்று கிழியும். எறிய வேண்டாம். மறுநாள் காலையில் துண்டாக்கிப் பொரித்து, தக்காளியும் மிளகாயும் அரைத்துக் கொதிக்கவைத்த சாறில் பிரட்டுங்கள். பெயர் சிலாகீலேஸ். மெக்சிகோவில் பழைய டோர்ட்டியாவுக்கு அதுதான் கதி. உங்கள் கணவருக்குக் காலைப் பலகாரம் ஆயிற்று.