மூன்று மணிக்குக் காதில் எந்தக் குரல்?

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 49. உவர்மலையில் இருக்கிறேன், பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். கணவர் கட்டாரில், மகன் கொழும்பில். வீட்டில் நானும் 78 வயது அம்மாவும்தான். ஒரு வருடமாக இரவு மூன்று மணிக்குத் தூக்கம் கலைந்துவிடுகிறது. பிறகு விடியும்வரை யோசனை. மாதவிடாயும் ஒழுங்காக இல்லை. வகுப்பில் சின்ன விஷயத்துக்கும் சினம் வருகிறது. கூடப் படிப்பிக்கும் ஒருவர் மைண்ட்புல்னஸ் (இந்தக் கணத்தைக் கவனிக்கும் பயிற்சி) பொட்காஸ்ட்டுகளைக் கேட்கச் சொன்னார். இப்போது போனில் 14 நிகழ்ச்சிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கேட்கும்போது நன்றாக இருக்கிறது, முடிந்ததும் பழையபடிதான். மூச்சைக் கவனிக்கச் சொன்னால் நெஞ்சு இன்னும் படபடக்கிறது. கடல் அலைச் சத்தத்தோடு வந்த தியானம் ஒன்றில் பாதியிலேயே எழும்பிவிட்டேன். எதைக் கேட்பது, எதை விடுவது? தமிழில் ஏதும் உண்டா? அம்மாவுக்கும் போட்டுவிடலாமா?

க., திருகோணமலை

அன்புள்ள ரீச்சர்,

அலைச் சத்தத்தில் இருந்தே தொடங்குகிறேன். பாதியில் எழும்பியது உங்கள் குறை அல்ல. தியானம் உங்களுக்குச் சரிவராது என்றும் அதற்குப் பொருள் இல்லை. இந்தப் பதிவுகளைச் செய்கிறவர்கள் பலர் பின்னணிக்குக் கடலைப் போட்டுவிடுகிறார்கள். கடலை விடுமுறைக்கு மட்டும் போய்ப் பார்க்கிறவர்களுக்கு அது இதமான சத்தம். 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட கரையில் அது வேறு சத்தம். அன்றைக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று எழுதவில்லை. எங்கே நின்றிருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு இருட்டில் தனியாகக் கேட்கும்போது அந்தச் சத்தம் பழைய பயத்தைக் கிளப்பிவிடக்கூடும். போர்க்காலத்தைக் கடந்து வந்த சிலருக்கு, தலை முதல் கால்வரை உடம்பைக் கவனிக்கச் சொல்லும் 'பொடி ஸ்கான்' பதிவுகளிலும் இதே நடக்கும். அமெரிக்காவில் பிறவுண் பல்கலைக்கழகத்தில் வில்லபி பிரிட்டன் என்கிற உளவியலாளர், தியானத்தால் சிலருக்கு வரும் பதற்றத்தையும் தூக்கக் குழப்பத்தையும் பற்றியே பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார். ஆகவே முதல் வேலையாக, அலை, மழை, இடி என்று பின்னணிச் சத்தம் உள்ள பதிவுகளைப் போனில் இருந்து எடுத்துவிடுங்கள். குரலும் இடையிடையே அமைதியும் மட்டும் உள்ளவை போதும்.

மூச்சில் படபடப்பு வருவதற்கும் காரணம் உண்டு. 'மூச்சைக் கவனியுங்கள்' என்றதும் பதற்றமுள்ளவர்கள் தங்களை அறியாமலே ஆழமாகவும் வேகமாகவும் இழுக்கத் தொடங்குவார்கள். அளவுக்கு மிஞ்சி மூச்சு விட்டால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும். அதனால் தலை இலேசாகும், விரல் நுனி விறைக்கும், நெஞ்சு அடிக்கும். அதைக் கண்டு மேலும் பயம் வரும். நீங்கள் மூச்சை விட்டுவிட்டுக் காலுக்குப் போங்கள். செருப்பைக் கழற்றி, இரண்டு பாதமும் சீமெந்துத் தரையில் படும்படி கதிரையில் இருங்கள். கண்ணைப் பாதி திறந்தபடி வையுங்கள். குதி எங்கே தொடுகிறது, விரல் எங்கே தொடுகிறது, எது குளிர்கிறது என்பதை மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போய்ப் படபடப்பு அடங்கினால், நான்கு எண்ணும்வரை மூச்சை எடுத்து ஆறு எண்ணும்வரை விடலாம். இழுத்துப் பிடிக்க வேண்டாம், சாதாரண மூச்சின் அளவே போதும். ஒரு எண்ணுக்கு ஒரு விநாடி என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும்.

இனி அந்த 14 நிகழ்ச்சிகள். அவற்றைத் திறந்து, கதைக்கிறவை ஒரு பக்கம், நடத்துகிறவை ஒரு பக்கம் என்று பிரியுங்கள். கதைக்கிற பொட்காஸ்ட்டில் ஒரு நிபுணர் கோபத்தைப் பற்றியோ தனிமையைப் பற்றியோ விளக்குவார். நடத்துகிறதில் 'இப்போது இதைச் செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டு, நீங்கள் செய்யும்வரை பேசாமல் இருப்பார்கள். உங்கள் பட்டியலில் முதல் வகைதான் நிறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேட்கும்போது நன்றாக இருந்து, முடிந்ததும் பழையபடி ஆவது அதனால்தான். வீணையைத் தொடாமல் கச்சேரி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் விரல் பழகாது. நடத்துகிறதில் ஒன்றே ஒன்றையும், கதைக்கிறதில் கூடினால் இரண்டையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள்.

நடத்துகிற வகையில் நான் முதலில் சொல்வது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் பிரிவு, யூசிஎல்ஏ, இலவசமாகத் தரும் பதிவுகளை. மூன்று நிமிடப் பதிவும் உண்டு, ஐந்து நிமிட மூச்சுத் தியானமும் உண்டு. விற்பனைப் பேச்சு இல்லை, ஆங்கிலமும் எளிமையானது. உடம்பையும் வெளிச் சத்தத்தையும் கவனிக்கும் பதிவில் தொடங்குங்கள். அடுத்தது தாரா பிராக். மருத்துவ உளவியல் படித்தவர், குரல் நிதானமானது. அவருடைய பொட்காஸ்ட்டில் பேச்சும் தியானமும் தனித்தனி அத்தியாயங்களாக வரும். பேச்சு ஒரு மணித்தியாலம் அளவுக்கு நீளும், அதை விட்டுத் தியானத்தை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். தன்னைத்தானே ஓயாமல் குறை சொல்லிக்கொள்கிறவர்களுக்கு அவர் மிகவும் உதவுவார். வகுப்பில் சினந்துவிட்டு இரவில் அதையே நினைத்துக் கிடக்கிறீர்கள் என்றால் அவரைக் கேட்டுப் பாருங்கள்.

கதைக்கிற வகையில் டான் ஹரிஸ் நடத்தும் 'டென் பேர்சன்ட் ஹப்பியர்' நல்லது. அவர் முன்னாள் தொலைக்காட்சிச் செய்தியாளர். 2004இல் நேரலையில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தபோதே பதற்றத் தாக்கம் வந்து திணறியவர். ஆன்மிகச் சொற்களைக் கேட்டாலே விலகுகிறவர்களுக்கு அவருடைய கேள்விகள் பிடிக்கும். ஆனால் பேச்சு வேகம், விளம்பரமும் இடையில் வரும். யேல் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியை லோரி சான்டோஸின் 'ஹப்பினஸ் லாப்' ஆய்வுகளைக் கதைபோல் சொல்லும். இரண்டையும் பகலில் மட்டும் கேளுங்கள், டச்சுக்குடாக் கரையில் நடக்கும்போதோ சமைக்கும்போதோ. ஆங்கிலம் ஓடினால் வேகத்தை 0.9 ஆக்குங்கள். அதற்குக் கீழே போனால் குரல் இழுபட்டு எரிச்சல் தரும்.

புதிதாக எதையாவது யாரும் அனுப்பினால் பத்து நிமிடம் சோதித்துப் பாருங்கள். பேசுகிறவர் என்ன படித்தவர் என்று விபரக் குறிப்பில் இருக்கிறதா? 'நிச்சயம் குணமாகும்', 'மருந்தை விட்டுவிடுங்கள்' என்கிறாரா? அப்படியானால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதைப் பற்றிய நிகழ்ச்சிகளில், கடைசியில் ஏதாவது மாத்திரையோ தூளோ விற்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். முடிந்த கையோடு அடுத்த அத்தியாயத்தைத் தேடி விரல் போகிறதென்றால், நீங்கள் அதைக் கேட்பது யோசனையை மூடி மறைக்கத்தான். அது பகலுக்குப் பரவாயில்லை. மூன்று மணிக்குக் கூடாது.

அந்த மூன்று மணிக்கு வருகிறேன். நீங்கள் எழும்பி, போனைத் திறந்து, தேடி, ஒன்றைப் போடும்போது திரை வெளிச்சம், வட்ஸ்அப் செய்திகள், விளம்பரம் என்று மூளை முழுதாக விழித்துவிடுகிறது. ஒன்று முடிய அடுத்தது தானாக ஓடும். இதை மாலையிலேயே ஒழுங்குபடுத்திவிட வேண்டும். அன்ரொயிட் போன் என்றால் 'அன்ரெனாபொட்' என்ற செயலியைப் போடுங்கள். இலவசம், செயலிக்குள் விளம்பரம் இல்லை. அதில் தொடர்ந்து ஓடுவதை நிறுத்திவையுங்கள், தூக்க நேரக் கணிப்பானை 15 நிமிடத்துக்கு வையுங்கள். கேட்கப்போகும் ஒன்றை மட்டும் இறக்கி, படுக்கும்போது போனை ஏரோபிளேன் மோட்டில் போடுங்கள். அம்மாவுக்கு ஏதும் அவசரம் என்றால் நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள். மகனிடம் இருந்து இரவில் அழைப்பு வரலாம் என்று பயந்தால், ஏரோபிளேன் மோட்டுக்குப் பதிலாக இணையத்தை மட்டும் நிறுத்துங்கள். அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதால் ஒரு காதில் மட்டும் இயர்போன். அப்போது போனின் அணுகல் அமைப்புகளில் 'மோனோ ஓடியோ'வைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மற்றக் காதுக்குரிய ஒலி போய்விடும். டேட்டாக் கணக்கும் சொல்கிறேன்: 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணித்தியாலப் பொட்காஸ்ட் கிட்டத்தட்ட 58 எம்பி. அதையே யூரியூப்பில் வீடியோவாகப் பார்த்தால் பல மடங்கு போகும்.

இருபது நிமிடம் அளவில் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் கட்டிலில் கிடக்க வேண்டாம். மணிக்கூட்டையும் பார்க்க வேண்டாம். மங்கிய வெளிச்சத்தில் விறாந்தைக் கதிரையில் இருங்கள், கண் சொக்கினால் திரும்பிப் போய்ப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் எழும்பும் நேரம் மாறக் கூடாது. பின்னேரத் தேநீரை மூன்று மணிக்கு முன் முடித்துவிடுங்கள்.

தமிழில் உண்டா என்றால், உண்டு, ஆனால் தேட வேண்டும். 'மன அழுத்தம்' என்று தேடினால் மேடைப்பேச்சுகள்தான் குவியும். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைச் சாதாரண நெருக்கடிக்கும் நோயான மனச்சோர்வுக்கும் சேர்த்தே புழங்குகிறார்கள். 'மனநல மருத்துவர்' என்பதோடு 'தூக்கமின்மை', 'பதற்றம்', 'மெனோபாஸ்' என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடுங்கள். பிறகு 'மருத்துவர்' இருந்த இடத்தில் 'வைத்தியர்' என்று போட்டுத் தேடினால் இலங்கைக் குரல்கள் வரும். அவுஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் ஒலிபரப்புப் பொட்காஸ்ட்டாகவும் வருகிறது. நம்மவர்கள் பலர் அதில் கதைப்பதால் மொழி காதுக்கு நெருக்கமாக இருக்கும்.

நடத்துகிற தியானத்தில்தான் தமிழ் இடறுகிறது. நான் கேட்ட பல பதிவுகளில் 'தாங்கள் தங்களது சுவாசத்தின்பால் கவனத்தைச் செலுத்துவீர்களாக' என்ற கணக்கில் மொழி போகிறது. கவனம் அந்த மொழியில்தான் போகும், பாதத்துக்குப் போகாது. இதற்கு ஒரே வழி, உங்கள் பேச்சுத் தமிழில் நீங்களே ஒன்றைச் செய்வது. கடினம் இல்லை. எட்டு நிமிடப் பதிவுக்கு 200 சொற்கள் போதும். நிதானமாக வாசித்தால் அது மூன்று மூன்றரை நிமிடம், மிச்சம் முழுக்க அமைதி. இப்படி எழுதுங்கள்:

'சாய்ஞ்சு இருங்கோ. கண்ணை மூட வேண்டாம், முன்னுக்கு நிலத்தைப் பார்த்தால் காணும்.' இருபது விநாடி அமைதி. 'ரெண்டு காலும் நிலத்தில படுற இடத்தைக் கவனியுங்கோ. குதி. பிறகு விரல்.' அரை நிமிடம். 'வெளியில என்ன சத்தம் கேக்குது? பேர் வைக்க வேண்டாம், வந்து போகட்டும்.' அரை நிமிடம். 'யோசனை வந்திட்டுதா? பரவாயில்லை. திரும்பக் காலுக்கு வாங்கோ.'

கடைசி வசனத்தை நான்கைந்து தடவை வர விடுங்கள். திரும்பி வருகிற அந்தத் தடவைகள்தான் பயிற்சி, யோசனையே வராமல் இருப்பது அல்ல. பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், கச்சான் காற்று வீசும் நாளென்றால் யன்னலைச் சாத்துங்கள். உடுப்பு அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தால் எதிரொலி குறையும். போனை வாயில் இருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் மூச்சுக் காற்று ஒலிவாங்கியில் அடிக்காது. உங்கள் குரலே உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், அவரைக் கட்டாரில் இருந்து வாசித்து அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் வந்த குரற்பதிவை வட்ஸ்அப்பிலேயே வைத்துக் கேட்காதீர்கள், தனிக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். அங்கே திறந்தால் மற்றச் செய்திகளும் கண்ணில் படும். தினமும் ஒரே நேரம், பாடசாலை விட்டு வந்து உடுப்பு மாற்றியதும் எட்டு நிமிடம். ஜோன் கபட்-சின் 1979இல் மசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய மைண்ட்புல்னஸ் பாடத்திட்டம் எட்டு வாரம் கொண்டது. நீங்களும் எட்டு வாரத்துக்கு முன் பலன் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், தயவுசெய்து வைத்தியரைப் பாருங்கள். பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் 45க்கும் 55க்கும் இடையில் நிற்கும். அதற்கு முந்திய வருடங்களில் ஹோர்மோன் ஏறி இறங்குவதாலேயே இரவில் வியர்த்துத் தூக்கம் கலையும், சினம் வரும். தைரொய்ட் குறைந்தாலும் மனச்சோர்வு போலவேதான் தெரியும், இரத்தச்சோகையும் களைப்பைத் தரும். இவற்றைப் பொட்காஸ்ட் மாற்றாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். தைரொய்ட், ஹீமோகுளோபின், சீனி மூன்றையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மனச்சோர்வை அளக்க பிஎச்கியூ-9 என்று ஒன்பது கேள்விப் படிவம் உண்டு, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 27 புள்ளி. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள், கட்டணம் இல்லை. யார் பார்ப்பார்களோ என்ற கூச்சம் இருந்தால் முதலில் வெளிநோயாளர் பிரிவில் தூக்கமில்லை என்று சொல்லித் தொடங்கலாம். ஒன்பதாவது கேள்வி உயிரை வெறுப்பதைப் பற்றியது. அதற்கு மட்டும் புள்ளிக் கணக்குப் பார்க்க வேண்டாம். 'ஆம்' என்று ஒரு நாள் தோன்றினாலும் அன்றைக்கே 1926ஐ அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் எடுப்பார்கள். 1333 என்ற கட்டணமில்லா ஆலோசனை இலக்கமும் இருக்கிறது.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவருக்கு மூச்சையும் உடம்பையும் கவனிக்கச் சொல்லும் பதிவுகள் வேண்டாம். 78 வயதில் புதுப் பழக்கமும் தெரியாத குரலும் சேர்ந்தால் குழப்பம்தான். சிறு வயதில் இருந்து வாயில் இருக்கும் தேவாரத்தை ஸ்பீக்கரில் சின்னச் சத்தத்தில் போட்டுவிடுங்கள், இயர்போன் மாட்ட வேண்டாம். அவர் கூடவே முணுமுணுத்தால் நல்லது, கேட்டபடி கண்ணயர்ந்தாலும் நல்லது. நீங்கள் எழுதிய எட்டு நிமிடத்தைப் பதிய முன் எனக்கு அனுப்பிவையுங்கள், வசனங்களைப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா