பூசணம் பிடித்த சுவரும் அட்வான்ஸ் பணமும்

கேள்வி: வில்லிவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் இடுப்புயரத்துக்குச் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம். அந்தப் பக்கம் பாத்ரூம். மகனுக்கு வீசிங் வேறு. வீட்டுக்காரரோ, "ஜன்னலைத் திறப்பதில்லை, துணியை உள்ளேயே காயப்போடுகிறீர்கள். பெயின்ட் செலவை அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன்" என்கிறார். நியாயமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: "அந்தப் பக்கம் பாத்ரூம்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், அம்மா. கட்டட வேலையிலேயே காலம் தள்ளிய எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். தரையிலிருந்து இடுப்புவரை ஓதம் ஏறியிருந்தால், பாத்ரூம் டைல்ஸ் இணைப்பு வழியாகவோ சுவருக்குள் ஓடும் பைப்பிலிருந்தோ தண்ணீர் இறங்குகிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

சந்தேகம் போதாது, சோதித்துப் பாருங்கள். பூசணம் இல்லாத இடமாக, ஆனால் அதே சுவரில், மேலே படிந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு ஒரு அடிச் சதுரத்துக்கு அலுமினியம் ஃபாயில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். சுவரைத் தொட்ட பக்கம் ஈரமென்றால் தண்ணீர் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் மட்டும் ஈரமென்றால் வீட்டுக்காரர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது; பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, காற்றோட்டத்துக்கு வழி செய்யுங்கள். (ஐப்பசி மழையில் துணியை வேறெங்கே காயப்போடுவது? மொட்டை மாடியைப் பூட்டி வைக்கும் அசோசியேஷன்களைப் பற்றித் தனியாகத் திட்டி எழுத வேண்டும்.)

இனி யார் பொறுப்பு என்பது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, வெள்ளையடிப்பது, தேவைப்பட்டால் பைப் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கீசர், சுவிட்ச், கொசுவலை, ஜன்னல் கண்ணாடி உங்கள் தலையில். சுவருக்குள் தண்ணீர் இறங்குவது எந்தப் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை. குடியிருப்பவரால் வந்த சேதம் என்றால்தான் கணக்கு மாறும். அதனால்தான் அந்த ஃபாயில் சோதனை. இருந்தாலும் ஒப்பந்தத்தில் பராமரிப்பு பற்றி ஏதாவது கூடுதலாக எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

பாதிப்பைச் சீக்கிரம் தெரிவிப்பது குடியிருப்பவரின் கடமை. ஆகவே வாய்ப்பேச்சு போதாது. தேதி போட்டு, ஃபாயிலைப் பிரிக்கும்போது எடுத்த படத்தோடு வாட்ஸ்அப்பிலும் கடிதமாகவும் அனுப்புங்கள். அப்போதும் அசையவில்லையென்றால், அட்டவணையில் உள்ள பழுதை நீங்களே சரிசெய்து வாடகையில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் சொல்லாமல் கழிக்காதீர்கள். மதிப்பீட்டை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். தகராறு முற்றினால் வாடகை அதிகாரியிடம் போகலாம். ஒப்பந்தம் எழுத்தில், பதிவோடு இருந்தால் உங்கள் கை ஓங்கும்.

ஒன்று மட்டும் செய்ய விடாதீர்கள்: கசிவை அடைக்காமல் மேலே பெயின்ட் அடிப்பது. அடுத்த மழைக்குள் உரிந்துவிடும், செலவு மறுபடி உங்கள் அட்வான்ஸுக்கே வரும். அதுவரை பையனை வேறு அறையில் படுக்க வையுங்கள், டாக்டரிடம் பூசணத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.