விளம்பரத்தில் 17 திறமை, என் கையில் 5

கேள்வி: அக்கா, எனக்கு வயது 28. விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். மதுரையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இரண்டரை வருடம் பி.எச்.பி. மொழியிலும் அதற்கான லாரவெல் 8 கருவியிலும் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். இப்போது சென்னை மேடவாக்கத்தில் இருக்கிறோம், குழந்தைக்கு 2 வயது. மறுபடி வேலைக்குப் போகலாம் என்று நௌக்ரி வேலைத் தளத்தில் பார்த்தால் ஒவ்வொரு விளம்பரமும் பயமுறுத்துகிறது. ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 17 திறமை கேட்கிறார்கள், எனக்கு 5தான் தெரியும். 3 மாதமாக ஒரு இடத்துக்குக்கூட விண்ணப்பிக்கவில்லை. ஒரு கன்சல்டன்சிக்காரர் 60,000 ரூபாய் கொடுத்தால் இடைப்பட்ட 2 வருடத்துக்கும் அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா? குழந்தை இருப்பதை இன்டர்வியூவில் சொல்லலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புத் தங்கைக்கு,

நகை பீரோவிலேயே இருக்கட்டும். அந்தக் கன்சல்டன்சிக்காரர் நாளைக்கே போன் செய்து அவசரப்படுத்தினாலும் பணம் கட்டாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் கழித்து விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் அனுப்பிய விளம்பரத்தை இரண்டு பேரும் சேர்ந்து படித்துவிடுவோம். அச்செடுத்து, பென்சிலும் கையுமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மேலே ‘ஃபுல் ஸ்டாக் டெவலப்பர், 3 முதல் 5 வருட அனுபவம்’ என்று போட்டிருக்கிறது. கீழே வரிசையாக பி.எச்.பி., லாரவெல், நோட் ஜே.எஸ்., பைதான், ரியாக்ட், ஆங்குலர், வியூ, மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ், மோங்கோ, ஏ.டபிள்யூ.எஸ்., அஷ்யூர், டாக்கர், குபர்நெட்டிஸ், ஜென்கின்ஸ், கிட். கடைசியில் ‘ஏ.ஐ. தெரிந்தால் நல்லது’. எண்ணிப் பார்த்தேன், 17 சரிதான்.

இதில் ரியாக்ட், ஆங்குலர், வியூ மூன்றும் ஒரே வேலைக்கானவை. பயனர் திரையில் பார்க்கும் பக்கத்தைக் கட்ட ஒரு டீம் பெரும்பாலும் அவற்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும். மதுரைக்குப் போக ஒரு டிரைவர் தேவை, அவருக்கு பஸ், லாரி, ரயில் மூன்றும் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பது போன்ற கோரிக்கை இது. மூன்று டேட்டாபேஸ் கேட்டிருப்பதும், ஏ.டபிள்யூ.எஸ்., அஷ்யூர் என்ற வாடகை சர்வர் (கிளவுட்) சேவைகள் இரண்டையும் கேட்டிருப்பதும் அப்படித்தான். பென்சிலால் வட்டம் போட்டுச் சேர்த்துக்கொண்டே வந்தேன். சர்வர் பக்க மொழி ஒரு வட்டம், திரைப் பக்கம் ஒன்று, டேட்டாபேஸ் ஒன்று, கிளவுட் ஒன்று, எழுதிய நிரலை சர்வரில் ஏற்றி ஓட்ட உதவும் டாக்கர் முதல் ஜென்கின்ஸ் வரை எல்லாம் சேர்த்து ஒன்று, அப்புறம் நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், ஏ.ஐ. ஆக 7. உங்களுக்கு பி.எச்.பி.யும் லாரவெலும் தெரியும், மைஎஸ்கியூஎல் தெரியும், கிட் தெரியும், வியூ ஓரளவு தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். 7-ல் 4 உங்கள் கையில் இருக்கிறது.

இன்னும் கீழே போய் ‘பணிகள்’ என்ற பத்தியைப் பாருங்கள். அதை நீங்கள் படித்தீர்களா என்றே சந்தேகமாக இருக்கிறது, மேலே பட்டியலைப் பார்த்ததும் மூடிவைத்திருப்பீர்கள். ‘இயங்கிக்கொண்டிருக்கும் லாரவெல் அப்ளிகேஷனைப் பராமரித்தல், புதிய வசதிகள் சேர்த்தல், பிழை திருத்துதல்’ என்று அதில் இருக்கிறது. அவ்வளவுதான் தங்கச்சி, வேலை அதுதான். மதுரையில் இரண்டரை வருடம் தினமும் நீங்கள் செய்தது.

இப்படிப்பட்ட பட்டியல் எப்படி உருவாகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே எழுதியிருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் டீம் லீடாக இருந்தபோது என் டீமில் ஒருவர் பேப்பர் போட்டார். சாயங்காலத்துக்குள் ஜே.டி., அதாவது வேலை விவரக் குறிப்பு, வேண்டும் என்று எச்.ஆரிடமிருந்து மெயில். பழைய ஜே.டி. ஒன்றைத் திறந்தேன். போகிறவருக்கு என்னென்ன தெரியுமோ அதையெல்லாம் சேர்த்தேன். அவர் அதையெல்லாம் 6 வருடம் எங்களோடு இருந்து மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டவர் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. அடுத்த வருடம் வரப்போகும் ப்ராஜெக்டுக்கு வேண்டும் என்று மேனேஜர் இரண்டைச் சேர்த்தார். எச்.ஆர். தன் பங்குக்கு இரண்டைச் சேர்த்தது. சேர்த்தவர்கள் மூன்று பேர், எதையாவது எடுத்துவிடலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் நாங்கள் எடுத்த பையனுக்கு அந்தப் பட்டியலில் பாதிகூடத் தெரியாது. நன்றாகவே வேலை செய்தான், மிச்சத்தை வந்த பிறகு கற்றுக்கொண்டான். ஆனால் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ‘நமக்கில்லை’ என்று விலகிப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களில் அவனைவிடத் தகுதியானவர் எத்தனை பேர்? எனக்குத் தெரியவே போவதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று ராத்திரி அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருடக் கணக்கும் அப்படித்தான். ஃபாஸ்ட்ஏபிஐ என்ற பைதான் கருவியை உருவாக்கியவர் செபாஸ்டியன் ரமீரெஸ். 2020 ஜூலையில் அவர் கண்ணில் ஒரு விளம்பரம் பட்டது. ஃபாஸ்ட்ஏபிஐயில் 4 வருடத்துக்கு மேல் அனுபவம் வேண்டுமாம். அவர் அதை உருவாக்கியே ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது, தன்னாலேயே விண்ணப்பிக்க முடியாது என்று ட்விட்டரில் எழுதினார். அதே ஜூலையில் ஒரு பெரிய நிறுவனம் குபர்நெட்டிஸில் 12 வருட அனுபவம் கேட்டிருந்தது. குபர்நெட்டிஸ் வெளியுலகுக்கு வந்ததே 2014 ஜூனில். எழுதுபவர்கள் தேதியைக்கூடச் சரிபார்ப்பதில்லை. அந்த எண்ணைப் பார்த்து நீங்கள் உங்களை எடை போட்டுக்கொள்ளலாமா?

உங்கள் மேல் தப்பில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் வேலை விளம்பரம் என்றால் பல வீடுகளுக்குத் தெரிந்தது டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைதான். அங்கே வயது ஒரு நாள் கூடினாலும் விண்ணப்பம் தள்ளுபடி. ‘வரிக்கு வரி படி, தகுதி இல்லையென்றால் வீணாகப் பணம் கட்டாதே’ என்று வீட்டில் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். அங்கே அது சரியான புத்தி. அதே கண்ணோடு நௌக்ரியைப் படிக்கும்போதுதான் அடி விழுகிறது. வீட்டில் அண்ணனோ மாமாவோ ஐ.டி.யில் இருக்கும் பிள்ளைக்கு, ‘நீ போட்டுவிடு, கூப்பிட்டால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல ஆள் இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு யார் சொல்வார்கள்? விளம்பரத்தை நேர்மையாக, எழுத்துக்கு எழுத்து மதித்துப் படிப்பவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள். இது எனக்குக் கோபம் வரும் விஷயம்.

நிறுவனங்களுக்கும் இதனால் நஷ்டம்தான், அது அவர்களுக்கே தெரியும். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் அக்சென்சரும் 2021-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நிறுவன நிர்வாகிகளிடம் கேட்டார்கள். விளம்பரத்தில் போட்ட நிபந்தனைகளோடு அச்சாகப் பொருந்தவில்லை என்பதற்காகவே திறமையுள்ளவர்கள் வடிகட்டலில் போய்விடுகிறார்கள் என்று 88 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். வேலையில் 6 மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலே ஒதுக்கிவிடும் நிறுவனங்கள் சுமார் பாதி என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இந்த இரண்டாவது விஷயம் உங்களுக்கு முக்கியம். வெறும் இணைய விண்ணப்பத்தை மட்டும் நம்பியிருந்தால் சல்லடையில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதற்கு வழி சொல்கிறேன்.

அதற்கு முன் அந்தச் சான்றிதழ். மதுரை கம்பெனியில் உங்களுக்கு பி.எஃப். பிடித்தார்கள் என்றால் உங்களுக்கு 12 இலக்க யு.ஏ.என். என்ற பி.எஃப். எண் இருக்கும். பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.வின் இணையதளத்தில் அதைப் போட்டு உள்ளே போனால் ‘சர்வீஸ் ஹிஸ்டரி’ என்று ஒரு பக்கம் வரும். எந்தக் கம்பெனியில் என்றைக்குச் சேர்ந்தீர்கள், என்றைக்கு விலகினீர்கள் என்பதெல்லாம் அதில் தேதியோடு இருக்கும். வேலையில் சேரும்போது பின்னணி சரிபார்க்கும் ஏஜென்சிகள் கேட்பதில் அந்தப் பக்கமும் உண்டு. மதுரை வேலை முடிந்த தேதி அங்கே இருக்கும்போது அதற்கப்புறம் 2 வருடம் எங்கோ வேலை பார்த்ததாக ஒரு கடிதம் சொன்னால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க 5 நிமிடம் போதும். பி.எஃப்.கூடக் கட்டிக் காட்டுகிறோம் என்று சில கன்சல்டன்சிகள் சொல்லும். பேருக்கு மட்டும் இருக்கும் அப்படிப்பட்ட கம்பெனிகளின் பட்டியலைப் பல நிறுவனங்கள் கையில் வைத்திருக்கின்றன. 2022-ல் ஒரு பெரிய பன்னாட்டு நிறுவனம், போலி அனுபவம் காட்டிச் சேர்ந்தவர்களை இந்தியாவில் வேலையிலிருந்து நீக்கியதாக வெளிப்படையாகவே அறிவித்தது. ஒரு வருடம் நன்றாக வேலை பார்த்த பிறகும் பிடிபடலாம். அப்போது போவது அந்த வேலை மட்டுமா? உங்களுடைய உண்மையான இரண்டரை வருடத்தையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள். அதை யாருக்காகவும் பணயம் வைக்காதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பி.எச்.பி. 7.4-லா, 8-லா வேலை பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 7.4 என்றால், 2022 நவம்பரோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதனால் 8-க்கு மாறுவது முதல் வேலை. லாரவெல் 8 வந்தது 2020 செப்டம்பரில், 2024 மார்ச்சிலேயே 11 வந்துவிட்டது. மதுரையில் நீங்கள் செய்தது போன்ற ஒரு சின்ன அப்ளிகேஷனை, ஒரு பாத்திரக்கடைக்கு ஸ்டாக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன், புதிய பதிப்பில் நீங்களே எழுதி, நிரலை எல்லோரும் பார்க்க வைக்கும் கிட்ஹப் தளத்தில் போடுங்கள். அதையே டாக்கரில் ஓட வையுங்கள். குழந்தை மதியம் தூங்கும் நேரத்தை மட்டும் வைத்தாலும் ஒன்றரை மாதத்தில் முடிக்கலாம். குபர்நெட்டிஸை இப்போது தொட வேண்டாம். பைதான் கோர்ஸ், ஏ.ஐ. கோர்ஸ் என்று யார் சொன்னாலும் பணம் கட்ட வேண்டாம்.

நௌக்ரியில் ஆள் தேடுபவர்கள் சொல்லைப் போட்டுத்தான் தேடுவார்கள். உங்கள் ப்ரொஃபைலில் ‘வெப் டெவலப்பர்’ என்று பொதுவாகப் போடாமல் லாரவெல், பி.எச்.பி. 8, மைஎஸ்கியூஎல், வியூ, டாக்கர் என்று அந்தந்தச் சொல்லையே எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை மட்டும். வாரம் ஒருமுறை ப்ரொஃபைலைத் திறந்து ஏதாவது திருத்துங்கள், புதிதாக மாற்றியவை கண்ணில் பட வாய்ப்பு அதிகம்.

கல்லூரி வாட்ஸ்ஆப் குரூப்பை மறுபடி திறங்கள். உங்கள் பேட்ச்சில் 10 பேராவது சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் இருப்பார்கள். ‘உங்க கம்பெனியில லாரவெல் இருக்கா, ரெஃபர் பண்ணுவியா’ என்று ஒரு வரி போதும். பல கம்பெனிகளில் ரெஃபர் செய்தவருக்குப் பணமே கொடுப்பார்கள், அதனால் கேட்கத் தயங்க வேண்டாம். நான் சொன்ன சல்லடையைத் தாண்டி ஒரு மனிதர் கைக்கு உங்கள் ரெசுமே போய்ச் சேர இதுதான் வழி. இடைவெளிக்குப் பிறகு திரும்பும் பெண்களுக்கென்றே சில நிறுவனங்கள் தனித் திட்டம் நடத்துகின்றன. டாடா குழுமம் 2008-ல் தொடங்கியது, இன்ஃபோசிஸிலும் ஒன்று உண்டு. சென்னையிலேயே சௌந்தர்யா ராஜேஷ் 2000-ல் தொடங்கிய அவதார் நிறுவனம் இந்தத் துறையில்தான் இருக்கிறது. அங்கேயும் பதிவு செய்து வையுங்கள்.

இன்னொன்று. பல விளம்பரங்களில் ‘உடனே சேர வேண்டும்’ என்று இருக்குமே, அதைப் பார்த்தும் பயந்திருப்பீர்கள். அது உங்களுக்குச் சாதகமான வரி. வேலையில் இருப்பவர்களுக்குப் பல இடங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். நீங்கள் அடுத்த திங்கட்கிழமையே சேரலாம். ரெசுமேயின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள்.

எல்லாப் பட்டியலும் அலட்சியத்தில் எழுதியது என்றும் நினைத்துவிடாதீர்கள். சில இடங்களில் உண்மையாகவே மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இன்டர்வியூ முடிவில் ‘முதல் 3 மாதம் நான் என்ன செய்ய வேண்டியிருக்கும்?’ என்று கேளுங்கள். டெவலப்மென்ட்டோடு சர்வர், டெஸ்டிங், ராத்திரி கிளையன்ட் கால் எல்லாம் பதிலில் வந்தால், குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரெசுமேயில் எழுத வேண்டியதில்லை. இடைவெளி ஏன் என்று கேட்டால், ‘குழந்தை பிறந்தது, 2 வருடம் நானே பார்த்துக்கொண்டேன், இப்போது திரும்புகிறேன்’ என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். சொன்ன கையோடு லேப்டாப்பைத் திறந்து அந்த ஸ்டாக் கணக்கு அப்ளிகேஷனைக் காட்டுங்கள்.