நாட்டிங் ஹில்பில்லீஸ்: மார்க் நாஃப்லரும் லீட்ஸ் நகரத்து நண்பர்களும் (கேள்வி பதில்)

டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகரும் கிதார் கலைஞருமான மார்க் நாஃப்லர், 1990-ல் நண்பர்களோடு சேர்ந்து 'நாட்டிங் ஹில்பில்லீஸ்' என்ற பெயரில் ஒரே ஒரு ஆல்பம் வெளியிட்டார். அமெரிக்கக் கிராமப்புறத்தின் பழைய ப்ளூஸும் கன்ட்ரியும் கலந்த 11 பாட்டு. எனக்குக் கிதாரில் வலது கையைச் சரியாக வைக்கக் கற்றுக்கொடுத்தது அந்த ஆல்பம்தான். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் உச்சத்தில் இருந்தபோது இப்படி ஒரு சின்னக் குழு எதற்கு? பெரிய குழு கலைந்ததால் ஆரம்பித்ததுதானே?

பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' 1985-ல் வந்தது. உலகெங்கும் 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆல்பம். அதற்கான நீண்ட சுற்றுப்பயணம் 1986 ஏப்ரலில் சிட்னியில் முடிந்தது. அதே 1986-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு சின்ன மதுக்கூடத்தில் ஸ்டீவ் ஃபிலிப்ஸ், பிரெண்டன் குரோக்கர் என்ற இரண்டு கிதார் கலைஞர்களோடும் உட்கார்ந்து நாஃப்லர் வாசித்தார். இந்தக் குழு உருவானது அங்கேதான். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் கலைந்ததாக அறிவிப்பு வந்ததோ 1988 செப்டம்பரில்.

ஆக, பெரிய குழு இருக்கும்போதே இது தொடங்கிவிட்டது. அரங்கம் அரங்கமாக ஒரு வருடம் வாசித்த மனிதர், ஊர் திரும்பியதும் போய் உட்கார்ந்த இடம் பழைய நண்பர்களின் பக்கம். சலிப்பு ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் ஸ்டீவ் ஃபிலிப்ஸ் என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: அந்த ஸ்டீவ் ஃபிலிப்ஸ் யார்? பெயரே கேள்விப்பட்டதில்லையே.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

நாஃப்லர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்து, இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாசில் பக்கம் வளர்ந்தவர். பத்திரிகைத் தொழில் படித்துவிட்டு, 'யார்க்‌ஷயர் ஈவினிங் போஸ்ட்' நாளிதழில் இளம் நிருபராக லீட்ஸுக்கு வந்தார். அப்போது வயது இருபதைக்கூடத் தொடவில்லை. அங்கே பழக்கமானவர் ஸ்டீவ் ஃபிலிப்ஸ். பழைய ப்ளூஸ் இசைத்தட்டுகளைத் தேய்ந்துபோகும்வரை கேட்டு, அதில் இருக்கிற விரல் வேலையை விரலுக்கு விரல் பிரித்துப் பார்த்தவர். பழைய கிதார்களை வாங்குவார், பழுது பார்ப்பார், புதிதாகச் செய்யவும் செய்வார்.

இருவரும் சேர்ந்து 'டுவோலியன் ஸ்ட்ரிங் பிக்கர்ஸ்' என்று ஒரு இரட்டையர் குழு வைத்திருந்தார்கள். டுவோலியன் என்பது நேஷனல் நிறுவனம் செய்த ஓர் உலோகக் கிதாரின் பெயர். குழுவுக்கே கிதாரின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தப் பித்து எவ்வளவு என்று பாருங்கள். நாஃப்லர் வேலையை விட்டு லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து 1973-ல் பட்டம் வாங்கினார். அதன்பின் லண்டன் போய்விட, இரட்டையர் கச்சேரி அதோடு நின்றது. ஐந்து வருடம் கழித்து டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' பாட்டு வந்தது. ஃபிலிப்ஸ் வடக்கிலேயே தன் கிதார்களோடு இருந்துவிட்டார்.

நாஃப்லரின் விரல்களில் நாம் கேட்கிற பல விஷயங்களுக்கு விதை அந்த லீட்ஸ் வருடங்கள். அது தெரிந்தபின் 1990 ஆல்பத்தைக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். 11 பாட்டில் மூன்றுதான் அவர்களே எழுதியவை. நாஃப்லர் ஒன்று, ஃபிலிப்ஸ் ஒன்று, குரோக்கர் ஒன்று. உலகம் அறிந்த பாடலாசிரியர் ஒருவர், வெளியே யாரும் அறியாத இரண்டு பேரோடு பாயை இப்படிச் சமமாகப் பங்கிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அந்தக் கணக்கைப் பார்த்தபோதுதான்.

கேள்வி: குழுவின் பெயருக்கும் ஆல்பத்தின் தலைப்புக்கும் என்ன அர்த்தம்?

நாட்டிங் ஹில் லண்டனில் ஒரு பகுதி. நாஃப்லரின் வீட்டு ஸ்டுடியோ அங்கே இருந்தது, ஆல்பம் அங்கே பதிவானது. 'ஹில்பில்லி' என்பது அமெரிக்க மலைப்பகுதி ஏழை வெள்ளைக்காரர்களை நகரத்தார் மட்டமாகக் கூப்பிட்ட சொல். அவர்களுடைய இசைக்கும் பழைய நாளில் அதுவே பெயர். இரண்டையும் ஒட்ட வைத்துவிட்டார்கள். ஆல்பத்தின் தலைப்பு, போரில் காணாமல் போனவர்களைப் பற்றி 'காணவில்லை, இறந்திருக்கலாம்' என்று வரும் அறிவிப்பைத் திருப்பிப் போட்டது: 'காணவில்லை, சந்தோஷமாக இருக்கலாம்'.

கேள்வி: கன்ட்ரி ப்ளூஸ் என்றால் கன்ட்ரி இசையும் ப்ளூஸும் கலந்ததா சார்?

இல்லை. இங்கே 'கன்ட்ரி' என்றால் நாட்டுப்புறம். அமெரிக்கத் தெற்கில், பருத்திக் காடுகளிலும் ரயில் பாதைகளிலும் உழைத்த கறுப்பின மக்கள் நடுவே வளர்ந்த ப்ளூஸ். பெரும்பாலும் ஒருவர், ஒரு கிதார், குரல், தரையில் காலால் போடும் தாளம். மின்சாரம் கிடையாது. 1926-ல் டெக்சாஸ்காரர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனின் பாட்டுகள் இசைத்தட்டாக நன்றாக விற்றன. அதன்பின் கம்பெனிகள் ஊர் ஊராகத் தேடிப் பலரைப் பதிவு செய்தன. மிசிசிப்பி டெல்டாவின் சார்லி பேட்டன், சன் ஹவுஸ், ராபர்ட் ஜான்சன், ஜார்ஜியாவின் பிளைண்ட் வில்லி மெக்டெல் எல்லாரும் இந்த வரிசை. பிறகு ஊரை விட்டு சிகாகோ போனவர்களோடு இதுவும் போய், ஆம்ப்ளிஃபயரில் சொருகப்பட்டு மின்சார ப்ளூஸ் ஆனது. ராக் அதன் பிள்ளை.

நாட்டிங் ஹில்பில்லீஸ் ஆல்பம் முழுக்க இந்த வகை என்று சொன்னால் தவறு. டெல்மோர் சகோதரர்கள், லூவின் சகோதரர்கள் போன்ற வெள்ளைக்காரக் கன்ட்ரி இரட்டையர்களின் பாட்டும் இருக்கிறது. வாசிக்கிற விரல்கள்தான் எல்லாவற்றையும் ஒரே ஊர்ப் பாட்டாக்குகின்றன.

கேள்வி: 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' அட்டையில் மேகத்துக்கு நடுவே பளபளவென்று ஒரு கிதார் இருக்குமே, அது இந்த வகையில் வாசிப்பதுதானா?

ஆமாம். அது 1937-ல் செய்த நேஷனல் ஸ்டைல் ஓ. நாஃப்லர் அதை வாங்கியது, வேறு யாரிடம், ஸ்டீவ் ஃபிலிப்ஸிடம்தான். 3 கோடி வீடுகளுக்குப் போன அட்டையில் இருப்பது லீட்ஸ் நண்பன் கொடுத்த கிதார். 1980-ல் வந்த 'ரோமியோ அண்ட் ஜூலியட்' பாட்டின் தொடக்கத்தில் மணி மாதிரி உதிர்கிற ஒலியும் அதனுடையதே.

அது ஏன் உலோகத்தில்? 1920-களில் ஆம்ப்ளிஃபயர் வழக்கத்துக்கு வரவில்லை. நடனக் குழுக்களில் எக்காளத்துக்கும் டிரம்ஸுக்கும் நடுவே மரக் கிதார் காதிலேயே விழாது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஜான் டோபியேரா என்ற கருவி செய்பவரும் ஜார்ஜ் பீசாம்ப் என்ற கிதார்க்காரரும் சேர்ந்து அதற்கு வழி கண்டார்கள். உடலுக்குள்ளே மெல்லிய அலுமினியக் கூம்பு ஒன்றை வைத்து, கம்பிகளின் அதிர்வு முழுக்க அதன்மேல் இறங்கும்படி செய்தார்கள். ஒலிபெருக்கிக்குள் இருக்கும் கூம்பு எப்படி வேலை செய்கிறதோ அப்படித்தான், மின்சாரம் மட்டும் இல்லை. ஸ்டைல் ஓ பித்தளை உடல், நிக்கல் முலாம், மேலே ஹவாய் தீவின் தென்னை மரக் காட்சி. டுவோலியன் இரும்புத் தகட்டில் வண்ணம் அடித்தது, விலை குறைவு.

மின்சாரக் கிதார் வந்ததும் நகரத்துக் குழுக்கள் இதைக் கைவிட்டன. ஆனால் சன் ஹவுஸ், புக்கா வைட் போன்றவர்கள் கையில் இது வேறு வாழ்க்கை வாழ்ந்தது. தெருமுனையிலும் ஆட்டம் நடக்கும் வீட்டிலும் கூட்டத்தின் சத்தத்தை வெட்டிக்கொண்டு கேட்கும் கிதார் அவர்களுக்குத் தேவைப்பட்டது. இதன் ஒலி அடித்ததும் சுரீரென்று எழும்பி சீக்கிரம் அடங்கிவிடும். அதனால் அடுத்த சுரத்துக்கு இடம் விட்டு வாசித்தே ஆக வேண்டும். நாஃப்லரின் வாசிப்பில் இருக்கிற அந்த மௌன இடைவெளிகளுக்கு இந்தக் கருவியும் ஒரு வாத்தியார் என்பது என் எண்ணம்.

கேள்வி: நான் கிதார் கற்கிறேன். பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் வாசிக்கும் நாஃப்லரின் முறையை எங்கிருந்து தொடங்குவது?

கட்டைவிரலில் இருந்து, தங்கச்சி. நாஃப்லர் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றால் மீட்டுவார். மோதிர விரலும் சுண்டுவிரலும் கிதார் முகத்தில் ஊன்றி நிற்கும். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்றாலும் வலது கைக்காரர் மாதிரியே கிதாரைப் பிடிக்கிறார். நகத்தை நம்பாமல் விரல் சதையால் கம்பியைப் பற்றி விடுவதால் ஒலியில் ஒரு உருண்ட மென்மை இருக்கும்.

முதல் இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். இ மேஜர் கார்டு பிடித்து, கட்டைவிரலால் ஆறாவது கம்பி, நான்காவது கம்பி, மறுபடி ஆறு, நான்கு என்று மாறி மாறி அடியுங்கள். நடை போடுகிற சீரில் வர வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே தடுமாறாமல் அடிக்க முடிந்தால், ஆள்காட்டி விரலால் இரண்டாவது கம்பியைக் கட்டைவிரலோடு சேர்த்து ஒரு தடவை, இரண்டு அடிக்கு நடுவில் ஒரு தடவை மீட்டிப் பாருங்கள். நடுவில் மீட்டும்போது கட்டைவிரல் திணறும். திணறினால் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். அந்தக் கட்டைவிரல்தான் மிருதங்கம், மற்ற விரல்கள் பாட்டு. மிருதங்கம் நின்றால் கச்சேரி நின்றுவிடும்.

கேள்வி: ஸ்லைடு (விரலில் மாட்டிய குழாயைக் கம்பிமேல் நகர்த்துவது) வாசிக்கத் தனிச் சுருதி வேண்டுமா? கம்பி அறுந்துவிடுமோ என்று பயம்.

ஓபன் ஜி என்ற சுருதியில் வைத்துக்கொள்ளுங்கள், அறுகாது. மூன்று கம்பிகளைத் தளர்த்தத்தான் போகிறீர்கள். ஆறாவது இ-யை டி-க்கு, ஐந்தாவது ஏ-யை ஜி-க்கு, முதல் இ-யை டி-க்கு இறக்குங்கள். மற்ற மூன்றையும் தொட வேண்டாம். இப்போது எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர் ஒலிக்கும். ஐந்தாவது ஃப்ரெட்டில் (கிதார் கழுத்தில் இருக்கும் உலோகக் கோடு) ஸ்லைடை வைத்தால் சி, ஏழில் டி, பன்னிரண்டில் மறுபடி மேல் ஜி. ப்ளூஸின் 12 பார் வடிவத்துக்கு இந்த மூன்று இடமே போதும்.

எல்லாரும் செய்கிற தவறு, விரலை வைப்பது போல ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் பின்னால் ஸ்லைடை வைப்பது. சுருதி தாழ்ந்து கேட்கும். உலோகக் கோட்டுக்கு நேர் மேலே வையுங்கள். அழுத்தவும் வேண்டாம், தொட்டால் போதும்.

கேள்வி: ஆல்பத்தில் அழுகிற மாதிரி நீளமாக இழுபடும் ஒலி, அதுவும் ஸ்லைடு கிதாரா?

நீங்கள் கேட்பது பெடல் ஸ்டீல். வாசித்தவர் நாஷ்வில்லின் பால் ஃபிராங்க்ளின். படுக்கை வாட்டில் வைத்து, மேலே உலோகத் தண்டை உருட்டி வாசிப்பது. நம் கோட்டுவாத்தியம் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அந்தக் கை வாட்டம். இதில் கூடுதலாகக் காலால் பெடலை மிதித்தும் முழங்காலால் தள்ளியும் குறிப்பிட்ட கம்பிகளின் சுருதியை ஒலிக்கும்போதே மாற்றலாம். நாஃப்லர் அவரை அடுத்து, மறுபடி கூடிய டயர் ஸ்ட்ரெய்ட்ஸுக்கே கூட்டிப் போனார். 1991-ல் வந்த 'ஆன் எவ்ரி ஸ்ட்ரீட்' முழுக்க அவர் கை தெரியும்.

கேள்வி: டிரம்ஸ் வாசித்தது டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் மேனேஜர் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான், எட் பிக்னல். கீபோர்டு வாசித்தவர் டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் கை ஃபிளெட்சர் (Guy Fletcher).

கேள்வி: அடிமைத்தனத்தின் வலியில் பிறந்த பாட்டை வசதியான ஆங்கிலேயர்கள் பாடி விற்பது சரியா?

நியாயமான கேள்வி, எனக்கும் உறுத்திய கேள்வி. 1920-களில் அந்தக் கலைஞர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு பாட்டுக்கு ஒரு தொகை, அவ்வளவுதான். விற்பனையில் பங்கு கிடையாது. மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-ல் பதிவு செய்தார். 1963-ல் ஒரு ரசிகர் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அவலான் என்ற சிற்றூரில் வயல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடனை எந்த ஆல்பமும் அடைக்காது.

ஆனாலும் பாட்டை எடுப்பதில் இரண்டு விதம் உண்டு. எடுத்தது தெரியாமல் தன்னுடையதாக்கிக்கொள்வது ஒன்று. அதன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது இன்னொன்று. இவர்கள் இரண்டாவது ரகம். நட்சத்திர சோலோ இல்லை, வேகம் கூட்டவில்லை. அதே சமயம், கேட்கிற நமக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. 'ஒன் வே கேல்' பாட்டை வில்லியம் மூர் என்ற கறுப்பினக் கலைஞர் 1928-ல் பாடிப் பதிவு செய்திருக்கிறார். வர்ஜீனியாவில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். ஆல்பத்தோடு நின்றுவிடாமல் அவரிடமும் போக வேண்டும்.

கேள்வி: மன்னிக்கவும், எனக்கு ஆல்பம் தூக்கம் வர வைத்தது. நாஃப்லரின் சோலோ எங்கே என்று தேடினேன்.

மன்னிப்பு எதற்கு? டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் நீண்ட பாட்டான 'டெலிகிராஃப் ரோடு' கேட்ட காதோடு வந்தால் ஏமாற்றம் வரத்தான் செய்யும். சில பாட்டுகளில் ஸ்டுடியோ மெருகு கொஞ்சம் அதிகம் என்பது என் குறையும்கூட. இன்னும் கரடுமுரடாக விட்டிருக்கலாம். ஆனால் ஒரு தடவை ஹெட்ஃபோனில், பாடகரை விட்டுவிட்டு, பின்னால் கிதார்கள் ஒன்றுக்கொன்று வழிவிடுவதை மட்டும் கேளுங்கள். ஒருவர் கீழே இறங்கும்போது இன்னொருவர் மேலே போகிறார், யாரும் யாரையும் இடிப்பதில்லை. அது ஒத்திகையில் மட்டும் வராது, நெடுநாள் பழக்கத்தில் வருவது.

கேள்வி: இரண்டாவது ஆல்பம் ஏன் வரவில்லை?

முதல் ஆல்பம் பிரிட்டனில் இரண்டாம் இடம்வரை போனது, ஆகவே விற்கவில்லை என்று சொல்ல முடியாது. அதே 1990-ல் கிதார் கலைஞர் செட் அட்கின்ஸுடன் 'நெக் அண்ட் நெக்' ஆல்பம், மறுவருடம் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ், 1996 முதல் தனி ஆல்பங்கள் என்று நாஃப்லரின் வேலை நீண்டுகொண்டே போனது. 1990-களின் கடைசியில் மேடையில் மட்டும் சில தடவை கூடினார்கள். பிரெண்டன் குரோக்கர் 2023-ல் காலமானார். அவர் எழுதிய 'தட்ஸ் வேர் ஐ பிலாங்' பாட்டை அந்த வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கேள்வி: இன்றுதான் முதல் தடவை கேட்கப் போகிறேன். எந்த வரிசையில் கேட்கட்டும்?

முதலில் வில்லியம் மூரின் 'ஒன் வே கேல்'. பழைய தட்டு, கரகரவென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து இவர்களுடைய 'ஒன் வே கேல்'. பிறகு ஆல்பத்தை முதல் பாட்டான 'ரெயில்ரோட் வொர்க்சாங்' தொடங்கி வரிசை மாற்றாமல் கேளுங்கள். கடைசிப் பாட்டு சார்லி ரிச் எழுதிய 'ஃபீல் லைக் கோயிங் ஹோம்'. அதை இரவில் கேளுங்கள், விளக்கை அணைத்துவிட்டு.