ஓடு, ஓட்டு, ரைஸ், ரெய்ஸ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை தேடுவதற்காக ஆங்கிலம் படித்துவருகிறேன். ஏ எழுத்தில் தொடங்கும் வினைச்சொற்கள் ஐம்பது, பி-யில் ஐம்பது என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். இப்போது ஆர் வரை வந்துவிட்டேன், ஆனால் ஏ-யில் படித்ததில் பாதி மறந்துபோச்சு. இந்த முறை சரியா? (வாசகி, பெகு, பர்மா)

பதில்: நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அடுக்கை மட்டும் மாற்றுங்கள். முதல் எழுத்து ஒன்று என்பதால் இரண்டு சொற்கள் சொந்தமாகிவிடாது. பிள்ளையைத் தத்தெடுப்பதும் அடாப்ட், புது ஊருக்கு ஏற்ப மாறிக்கொள்வதும் அடாப்ட், நடுவில் ஓ-வா ஏ-யா என்பதுதான் வித்தியாசம். இரண்டையும் ஒரே நாளில் உருப்போட்டால் குழம்பத்தான் செய்யும்.

ஆனால் முதல் எழுத்தும் ஒன்று, பிறப்பும் ஒன்று என்று சில ஜோடிகள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் தமிழில் ஓடு என்றால் தானே ஓடுவது, ஓட்டு என்றால் வேறொன்றை ஓடவைப்பது. ஆடு, ஆட்டு, திரும்பு, திருப்பு. தன்வினை, பிறவினை என்று கோயில் தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். பர்மிய மொழியிலும் இதுவேதான் நடக்கிறது, தினமும் பேசுவதால் நாம் கவனிப்பதில்லை. கயிறு தானாக அறுந்தால் ப்யத். நாமே அறுத்தால் அதே ப்யத்தைத்தான் மூச்சை வெளியே தள்ளிச் சொல்கிறோம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு இரண்டையும் சொல்லிப் பாருங்கள், இரண்டாவதில் கையில் காற்று படும்.

ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்வது நடுவில் இருக்கும் உயிரொலி. ரைஸ் என்றால் எழு, ரெய்ஸ் என்றால் எழுப்பு, உயர்த்து. ஸிட் என்றால் உட்கார், ஸெட் என்றால் ஓரிடத்தில் வை. லை என்றால் படுத்திரு, லே என்றால் கிடத்து. ஃபால் என்றால் விழு, ஃபெல் என்றால் மரத்தை வெட்டிச் சாய். மழையில் தொப்பலாக நனைப்பதற்கு டிரெஞ்ச் என்கிறார்களே, அது டிரிங்க் என்பதன் பிறவினைதான், குடிக்கவைப்பது என்பதுதான் அதன் பழைய பொருள். ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் பிறவினைக்கென்று ஒரு விகுதி இருந்தது. காலப்போக்கில் அது தேய்ந்து, உயிரொலி வேறுபாடு மட்டும் மிஞ்சிவிட்டது.

அரிசி விலையை வைத்தே பழகுங்கள். விலை ஏறியது என்றால் ரோஸ், கடைக்காரர் விலையை ஏற்றினார் என்றால் ரெய்ஸ்ட். "யாரை, எதை?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வந்தால் அங்கே வர வேண்டியது ரெய்ஸ்ட். என்னிடம் மாலை வகுப்புக்கு வந்த ஒரு பெண் சூரியன் உதித்தது என்பதற்கு ரெய்ஸ்ட் என்றே எழுதிக்கொண்டிருந்தாள். எத்தனை முறை திருத்தினாலும் மாறவில்லை. "சூரியன் எதை எழுப்பியது?" என்று ஒரு நாள் கேட்டேன், அதற்கப்புறம் அந்தத் தப்பு வரவே இல்லை.

இன்னொன்று, உச்சரிப்பு. தமிழில் எழுதினால் அரிசியும் ரைஸ், எழுவதும் ரைஸ். எழுவதில் கடைசி ஒலி வண்டு ரீங்கரிப்பதுபோல அதிர வேண்டும். சந்தைக்கு ஸேய் என்கிறோமே, அதன் முதல் ஒலிதான் இது. பர்மிய மொழியில் அந்த ஒலி சொல்லின் கடைசியில் வராது, அதனால் நம் பிள்ளைகள் அதை விழுங்கிவிடுகிறார்கள். நேர்முகத்துக்குப் போகும் முன் இதைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: லை என்பதன் இறந்தகாலம் லே என்கிறார்கள். நீங்கள் சொல்லும் லே-யும் அதுவும் ஒன்றா? (அதே வாசகி)

பதில்: இல்லை, இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள். நேற்று படுத்திருந்தேன் என்றால் லே, இப்போது குழந்தையைக் கிடத்து என்றாலும் லே, நேற்று கிடத்தினேன் என்றால் லெய்ட். ஃபெல் கதையும் இதேதான்: நேற்று விழுந்தான் என்பதும் ஃபெல், மரத்தைச் சாய் என்பதும் ஃபெல், நேற்று சாய்த்தான் என்றால் ஃபெல்ட். பர்மிய மொழியில் நேற்று என்று சொல்லிவிட்டால் போதும், காலத்துக்காக வினை உருமாறாது. ஆங்கிலம் அப்படி விடாது. அதனால் ஒவ்வொரு வினையையும் மூன்று வடிவங்களோடு சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: பேத்திக்குப் பத்து வயது. இலக்கணம் சொன்னால் ஓடிவிடுகிறாள். அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? (வாசகர், யாங்கோன்)

பதில்: மூக்கில் தொடங்குங்கள் ஐயா. ஸ்னீஸ் தும்முவது, ஸ்னிஃப் மோந்து பார்ப்பது, ஸ்னோர் குறட்டை விடுவது, ஸ்னார்ட் குதிரைபோல மூக்கால் சீறுவது. நீங்கள் நடித்துக் காட்டுங்கள், அவள் சொல்லைச் சொல்லட்டும், அப்புறம் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். இப்படி ஒரே தொடக்க ஒலி ஒரே மாதிரிப் பொருளைச் சுமந்துவருவதற்கு ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் 1930-லேயே தனிப்பெயர் வைத்தார். ஸ்னீஸ் என்பது பழைய ஆங்கிலத்தில் எஃப் எழுத்தில் தொடங்கிய சொல், பின்னால்தான் இந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தது. அப்படியே தமிழுக்கும் வாருங்கள்: மூக்கு, மூச்சு, முகர், மோப்பம். ஸ்னேக்கும் அப்படித்தானே தொடங்குகிறது, பாம்புக்கு மூக்கா என்று பேத்தி கேட்பாள். அந்தச் சொல் இந்தக் கூட்டத்தில் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் சேராத வேறு சொற்களையும் அவளே தேடிக் கொண்டுவரட்டும்.